நாள் முழுக்கத் தேடினால் ஒரு துகள்... ஆனாலும் விடமாட்டேன் என்கிறார்களே, ஏன்? ஆஸ்திரேலியாவின் ‘கோல்டு ஃபீவர்’ பின்னணி

சர்வதேசச் சந்தையில் தங்கம் விலை 2025 அக்டோபரில் ஒரு அவுன்ஸுக்கு 4,000 டாலரைத் தாண்டியது. நம்மூரில் சவரன் விலையைக் கேட்டுப் பலரும் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் வார இறுதி வந்தால் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பும் ஒரு கூட்டமே இருக்கிறது. இவர்களுக்கு இது தொழில் இல்லை, பொழுதுபோக்கு.

பெரும்பாலான நாள்களில் கிடைப்பது துருப்பிடித்த ஆணியும் பழைய ஈயக் குண்டும்தான். ஆனாலும் அடுத்த வாரம் மறுபடியும் கிளம்புகிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது இதில்?

எங்கே தேடுகிறார்கள்?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில். அங்கே பல்லாரட், பெண்டிகோ பகுதிகளில் 1851-ல் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும், உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். மாநிலத்தின் நடுப்பகுதியை இன்றும் ‘கோல்டன் டிரையாங்கிள்’ என்றே அழைக்கிறார்கள்.

1869-ல் அங்குள்ள மோலியாகுல் என்ற ஊரில் கிடைத்தது ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’. உலகில் இதுவரை கிடைத்ததிலேயே மிகப் பெரிய தங்கக் கட்டி என்று கருதப்படுவது இதுதான். அதில் இருந்த தங்கம் மட்டும் சுமார் 70 கிலோ. தரையிலிருந்து வெறும் 3 சென்டிமீட்டர் ஆழத்தில், ஒரு மரத்தின் வேர்களுக்கு நடுவில் கிடந்தது. பக்கத்து ஊரில் அதை நிறுக்கும் அளவுக்குத் தராசு இல்லாததால், பட்டறைக் கல்லில் வைத்து உடைத்த பிறகே எடை போட்டார்கள்.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது. அன்றைக்குத் தோண்டியவர்களுக்குக் கண்ணும் கையும்தான் கருவி. களிமண்ணுக்குள் மறைந்திருந்த கட்டிகள் அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த மண்ணில் இரும்புத் தாதும் அதிகம் என்பதால், ஆரம்பகால டிடெக்டர்கள் காரணமே இல்லாமல் கத்திக்கொண்டிருந்தன. மண்ணிலிருந்து வரும் சிக்னலைத் தனியாகப் பிரித்துத் தள்ளும் டிடெக்டர்களை ஆஸ்திரேலிய நிறுவனமான மைன்லேப் 1990-களில் கொண்டுவந்தது. ஏற்கெனவே சலித்துப்போட்ட நிலத்திலும் அவற்றில் தங்கம் தட்டுப்பட்டது.

2023-ல் ஒருவர் விலை குறைந்த டிடெக்டருடன் போய் 4.6 கிலோ எடையுள்ள கல் ஒன்றை எடுத்தார். அதில் 2.6 கிலோ தங்கம் இருந்தது. மதிப்பு சுமார் 2,40,000 ஆஸ்திரேலிய டாலர். செய்தி உலகம் முழுக்க ஓடியது. அதே நாளில் வெறுங்கையோடு வீடு திரும்பியவர்கள் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை.

சட்டியில் என்ன நடக்கிறது?

டிடெக்டர் இல்லாதவர்கள் ஓடை மணலைச் சட்டியில் அள்ளி அலசுகிறார்கள். இதன் சூத்திரம் ரொம்ப சிம்பிள். தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல 19 மடங்குக்கும் மேல். சாதாரண மணலுக்கு அது இரண்டரை மடங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சட்டியைக் குலுக்கினால் தங்கம் அடியில் இறங்கிவிடும், மணல் தண்ணீரோடு வழிந்து போய்விடும். கடைசியில் கொஞ்சம் கறுப்பு மணல் மிஞ்சும். அதன் ஓரத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி தெரிகிறதா என்று பார்க்கும் அந்தச் சில விநாடிகள்தான் ஆளைக் கட்டிப்போடுகின்றன. பல சமயம் அது வெறும் காக்காப்பொன்னாகவும் இருக்கும்.

மூளை ஏன் விடமாட்டேன் என்கிறது?

1980-ல் விக்டோரியாவில் மெட்டல் டிடெக்டர் மூலம் ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ என்ற 27 கிலோ கட்டி கிடைத்தது. டிடெக்டரில் சிக்கிய கட்டிகளில் இதுதான் மிகப் பெரியது. அதை 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது, லாஸ் வேகாஸில் இருக்கும் ஒரு சூதாட்ட விடுதி.

அது பொருத்தமான இடம்தான். தங்கத் தேடலும் ஸ்லாட் மெஷினும் மூளையில் தட்டுவது ஒரே கதவை. எப்போது பரிசு வரும் என்று தெரியாவிட்டால், ஒரு செயலை விடாமல் திரும்பத் திரும்பச் செய்வோம் என்பதை உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர் தன் ஆய்வுகளில் காட்டினார். குரங்குகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2003-ல் வெளியானது. பரிசு வருவதற்கும் வராமல் போவதற்கும் சம வாய்ப்பு இருந்தபோது, காத்திருக்கும் நேரத்தில் டோபமைன் நரம்பணுக்களின் செயல்பாடு உச்சத்தில் இருந்ததாக அது சொன்னது. அதாவது, ‘கிடைக்குமா, கிடைக்காதா’ என்ற நிலையே மூளைக்கு ஒரு கிக். இன்ஸ்டாகிராமை இழுத்து இழுத்து ரிஃப்ரெஷ் செய்யும் விரலுக்கும் இது நன்றாகத் தெரியும்.

டிடெக்டர் ‘கீ...’ என்று கத்தும்போது அது ஆணியாகவும் இருக்கலாம், ஒரு கிலோ கட்டியாகவும் இருக்கலாம். தோண்டிப் பார்க்கும்வரை இரண்டும் சாத்தியம். ‘இன்னும் ஒரே ஒரு குழி’ என்று பொழுது சாய்வது இதனால்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்?

ஒருவர் நாள் முழுக்க அலசி 0.2 கிராம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சவரன், அதாவது 8 கிராம் சேர 40 நாள் ஆகும். வாரம் ஒரு நாள் என்றால் ஒன்பது மாதத்துக்கு மேல். உயர்ரக டிடெக்டர் ஒன்றின் விலையோ சுமார் 10,000 ஆஸ்திரேலிய டாலர். பெட்ரோல் செலவு தனி. காடு, நடை, நண்பர்கள், ஓய்வு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கட்டுப்படியாகும். தங்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் நஷ்டம்தான்.

அங்கே சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு காலத்தில் தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சுரங்கத் தொழிலாளர்கள் மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அந்த ஆத்திரமும் 1854-ல் பல்லாரட்டில் வெடித்த யுரேகா கிளர்ச்சிக்கு ஒரு காரணம். அடுத்த ஆண்டே, வருஷத்துக்கு ஒரு பவுண்டு கட்டணத்தில் ‘மைனர்ஸ் ரைட்’ வந்தது.

அது இன்றும் அதே பெயரில் இருக்கிறது. சின்னக் கட்டணம்தான், 10 ஆண்டுகளுக்குச் செல்லும். கிடைக்கும் தங்கம் எடுத்தவருக்கே சொந்தம். ஆனால் கைக்கருவிகள் மட்டுமே பயன்படுத்தலாம். இயந்திரமோ வெடிமருந்தோ கூடாது. தோண்டிய குழியை மூடிவிட வேண்டும். தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் அனுமதி தேவை. பூர்வகுடி மக்களின் பாரம்பரிய இடங்களில் கை வைக்கவே கூடாது.

நம்மூரில் செய்யலாமா?

கூடாது. 1957-ம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி, உரிமம் இல்லாமல் கனிமம் தேடுவதும் எடுப்பதும் குற்றம். ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். ‘ஹாபிக்கு’ என்று தனி அனுமதி எதுவும் இந்தச் சட்டத்தில் இல்லை.

இந்தக் காய்ச்சல் நமக்குப் புதிதும் இல்லை. நீலகிரி மாவட்டத்தின் தேவாலா, பந்தலூர் பகுதிகளில் தங்கம் இருக்கிறதா என்று ஆராய, 1879-ல் பிரவ் ஸ்மித் என்பவரை அன்றைய ஆங்கிலேய அரசு அழைத்தது. அவர் வந்தது அதே விக்டோரியாவிலிருந்து. அவருடைய ஆய்வையொட்டி லண்டனில் கம்பெனிகள் முளைத்தன, பங்குகள் பறந்தன. சில ஆண்டுகளிலேயே எல்லாம் சரிந்தது. கைவிடப்பட்ட அந்தச் சுரங்கங்களில் திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டும் வழக்குகள் அண்மைக் காலத்திலும் வந்திருக்கின்றன.

எங்கே கோடு போடுவது?

விக்டோரியாவில் சட்டியோடு போகிறவர்களில் பலருக்குத் திங்கள்கிழமை போக ஒரு வேலை இருக்கிறது. துகள் கிடைக்காவிட்டாலும் அடுப்பு எரியும். அதனால்தான் அது பொழுதுபோக்காகவே நிற்கிறது. விலை ஏற ஏற, ‘இதையே வருமானமாக்கினால் என்ன’ என்ற எண்ணம் வரும். கடன் வாங்கி டிடெக்டர் வாங்குவதும், லீவு போட்டுக் காட்டுக்குப் போவதும், விட்டதைப் பிடிக்க மறுபடி போவதும் தொடங்கினால் அதன் பெயர் பொழுதுபோக்கு இல்லை.

ஆன்லைன் டிரேடிங், ஃபேன்டசி கேம் என்று போனிலேயே தங்கம் தேடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். இன்றைக்கு எதுவுமே கிடைக்காவிட்டால் வீட்டில் யாருக்காவது பாதிப்பு உண்டா? உண்டு என்றால், சட்டியைக் கீழே வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.