கொடாமல் கொள்ளும் யந்திரம்

கதை எழுதுகிறவனுக்கு ராக்கெட்டோடு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். பட்டம் வாங்கும் வரையில் கல்லூரியில் தங்காதவன் நான். என்னுடைய கணிதப் புலமை பால் கணக்கோடும் மளிகைக் கணக்கோடும் நின்றுவிடும். ஆனாலும் இந்த விஷயத்தில் பேச எனக்குப் பாத்தியதை உண்டு. ஏனென்றால் நான் சொல்ல வந்தது ஒரு கதையைப் பற்றி. கதையைக் கதை என்று சொல்லி விற்பது என் தொழில். அதையே சாஸ்திரம் என்று முத்திரை குத்தி விற்கிறவர்களைக் கண்டால், நேர்மையாகத் தொழில் செய்கிறவனுக்குக் கோபம் வருவது நியாயந்தானே?

அந்தக் கதை இதுதான். ராக்கெட் என்பது பழைய காலத்துச் சரக்கு. நெருப்பையும் புகையையும் கக்கிக்கொண்டு போகிற அந்தப் பூதத்துக்கு இனி வேலை இல்லை. எரிபொருளே வேண்டாத புது யந்திரம் ஒன்று வந்துவிட்டது, அல்லது வந்துகொண்டே இருக்கிறது. அதில் ஏறி உட்கார்ந்தால் சில வாரங்களில் செவ்வாய் கிரகம், அதற்கப்பால் நட்சத்திர மண்டலம்! இந்தக் கதை அடிக்கடி புது வேஷம் கட்டிக்கொண்டு பத்திரிகைகளில் வருகிறது. ஒவ்வொரு தடவையும் புதிதாய்க் கேட்கிறவர்களைப் போல நாமும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறோம்.

இந்த வேஷங்களில் மிகவும் பிரசித்தி பெற்றது இங்கிலாந்தில் பிறந்தது. ரோஜர் ஷாயர் என்ற எஞ்சினீயர் 2001-ம் ஆண்டில் ஒரு கம்பெனியைத் தொடங்கி, 'எம் டிரைவ்' என்ற யந்திரத்தைச் செய்வதில் இறங்கினார். பெயர்தான் பெரிது. ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் அடித்து, இரு பக்கத்தையும் மூடிவிட்ட செம்புப் பாத்திரம் அது. ஆறிய குழம்பைச் சுட வைக்க மைக்ரோவேவ் அடுப்பு வைத்திருக்கிறோமே, அதே ஜாதி அலைகளை அதற்குள் செலுத்த வேண்டும். அலைகள் உள்ளேயே சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். இரு முனைகளிலும் அழுத்தம் சமமாக இருக்காது. அந்த வித்தியாசத்தினால் பாத்திரம் தானாகவே நகரும் என்றார் அவர். வெளியே ஒன்றும் போக வேண்டாம். மின்சாரம் இருந்தால் போதும்.

வாசகர் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்க வேண்டும். மாட்டை அவிழ்த்துவிட்ட வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறோம். இருந்த இடத்தில் இருந்தபடியே முன்பலகையை இரண்டு கைகளாலும் தள்ளுகிறோம். வண்டி நகருமா? கை பலகையை முன்னால் தள்ளுகிற அதே நேரத்தில், நம் உடம்பு வண்டியின் அடித்தட்டைப் பின்னால் தள்ளுகிறது. கொடுத்ததும் கொண்டதும் நேராகிவிடுகிறது. கீழே இறங்கி, தரையில் காலை ஊன்றித் தள்ளினால்தான் வண்டி போகும்; அப்போது பின்னுக்குத் தள்ளப்படுவது பூமி. படகுக்காரன் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளுகிறான். ஆகாயத்தில் தரையும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆகையால் ராக்கெட், தான் மடியில் கட்டிக்கொண்டு போனதையே எடுத்துப் பின்னால் எறிந்து முன்னால் போகிறது. எறிய ஒன்றும் இல்லையென்றால் போக வழியும் இல்லை. 1687-ல் நியூட்டன் எழுதி வைத்த விதி இது. இன்று வரையில் அதை ஏமாற்றி எந்த யந்திரமும் ஓர் அங்குலம் நகரவில்லை.

ஆனால் செம்புப் பாத்திரத்துக்கு நல்ல காலம் பிறந்தது. அமெரிக்காவின் நாஸா ஸ்தாபனத்திலேயே, ஹூஸ்டன் நகரத்தில் ஹரோல்ட் ஒயிட் என்பவரைத் தலைவராகக் கொண்ட ஒரு சிறு குழு அதைப் பரிசோதித்தது. ஒரு கிலோவாட் மின்சாரத்துக்கு 1.2 மில்லிநியூட்டன் விசை தெரிகிறது என்று 2016-ல் எழுதினார்கள். ஐந்தாறு அரிசி மணிகளின் பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்! நியூட்டனுக்குப் பென்ஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் பத்திரிகைக்காரர்கள். அந்த ஐந்து அரிசியை வைத்துக்கொண்டு நட்சத்திரங்களுக்கே விருந்து சமைத்தவர்களும் உண்டு.

பிறகு நடந்ததை அதே உற்சாகத்தோடு எத்தனை பேர் எழுதினார்கள்? ஜெர்மனியில் டிரெஸ்டன் தொழில்நுட்பச் சர்வகலாசாலையில் மார்ட்டின் தாஜ்மர் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் அந்தப் பாத்திரத்தைத் தாங்களும் செய்து, மிக நுட்பமான தராசில் ஏற்றினார்கள். விசை தெரிந்தது. பாத்திரத்துக்குள் அலை சரியாகப் போகாதபடி தடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் அதே விசை தெரிந்தது! விளக்கை அணைத்த பிறகும் வெளிச்சம் இருக்குமானால், அது விளக்கின் வெளிச்சம் அல்ல என்பது குழந்தைக்கும் தெரியும். மின்சாரம் ஓடுகிற கம்பிக்கும் பூமியின் காந்த சக்திக்கும் உள்ள உறவுதான் அந்த வேடிக்கையைச் செய்திருக்க வேண்டும் என்று 2018-ல் சொன்னார்கள். சூட்டினால் தராசின் உறுப்புகள் விரிந்துகொடுப்பதும் பொய்க் கணக்குக் காட்டும் என்று கண்டு, அதையும் சரி செய்தார்கள். 2021-ல் அவர்கள் வெளியிட்ட முடிவில் விசை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

இதை நான் சொன்னால், "கொடார்டைப் பார்த்தும் அன்று சிரித்தார்கள், ஐயா!" என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. மாய யந்திரக்காரர்களின் கையிலுள்ள கடைசித் துருப்புச் சீட்டு இதுதான். அதையும் பார்த்துவிடுவோம்.

ராபர்ட் கொடார்டு அமெரிக்கப் பேராசிரியர். காற்றே இல்லாத வெளியிலும் ராக்கெட் போகும் என்று அவர் சொன்னதற்காக, 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை தலையங்கம் எழுதி அவரை ஏளனம் செய்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லையே என்கிற தோரணை. அவர் வாதாடிக் காலத்தைக் கழிக்கவில்லை. 1926 மார்ச் 16-ல் தம் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டைக் கிளப்பினார். அது இரண்டரை வினாடி பறந்தது. 41 அடி உயரம் போயிற்று. 1945-ல் அவர் காலமானார். 1969 ஜூலையில் அப்பொல்லோ 11 சந்திரனை நோக்கிக் கிளம்பிய மறுநாள், அந்தப் பத்திரிகை தன் பழைய தவற்றை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது.

கதை உண்மை. ஆனால் அது யாருக்குச் சாட்சி சொல்கிறது? சிரித்தது ஒரு பத்திரிகாசிரியர். சிரிக்கப்பட்டவர் பக்கத்தில் நின்றது நியூட்டனின் விதி. காற்றை வாங்கிவிட்ட குழாய்க்குள் வெடித்துப் பார்த்து, அங்கேயும் விசை உண்டு என்று கொடார்டு அளந்து காட்டியிருந்தார். அவருடைய தராசு அவருக்கு அனுகூலமாகப் பேசியது. செம்புப் பாத்திரத்தின் கதையில் எல்லாமே தலைகீழ்: பத்திரிகைகள் பக்கத்தில் நிற்கின்றன, விதியும் தராசும் எதிரே நிற்கின்றன. கொடார்டைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதனாலேயே, சிரிக்கப்பட்ட எல்லாரும் கொடார்டு ஆகிவிட முடியுமா? ஏளனம் ஒரு துரதிருஷ்டம். அது அத்தாட்சிப் பத்திரம் அல்ல.

பரிசோதித்துப் பார்த்ததை நான் குறை கூறவில்லை. சந்தேகத்தைத் தராசில் வைத்துத் தீர்த்துக்கொள்வதுதான் விஞ்ஞானம். "ஒன்றும் இல்லை" என்ற ஒரு விடைக்காக வருஷக் கணக்கில் உழைத்த டிரெஸ்டன்காரர்களை நான் கும்பிடுகிறேன். என் சண்டை, விடை வருவதற்கு முன்பே வெற்றி முரசு கொட்டிவிட்டு, விடை வந்ததும் முரசை மூலையில் வைத்துவிட்டுப் போனவர்களோடுதான்.

"போகட்டுமே, ஒரு கற்பனை, அதில் என்ன நஷ்டம்?" என்று சாதுவாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நஷ்டம் இருக்கிறது. பொய்க்குக் கொடுக்கும் மாலை, மெய்யின் கழுத்திலிருந்து கழற்றிய மாலை.

'டான்' என்ற விண்கலத்தின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? 2007-ல் நாஸா அனுப்பியது. அதில் இருந்தது அயனி யந்திரம். ஸெனான் என்ற வாயுவின் அணுக்களுக்கு மின்னேற்றம் கொடுத்து, மின்சார வலையினால் இழுத்து, வினாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் எறிகிற யந்திரம். எறிகிறது என்பதைக் கவனியுங்கள். இங்கே மோசடி இல்லை. அதன் அதிகபட்ச விசை, உள்ளங்கையில் இரண்டு தாளை வைத்தால் கனக்குமே, அவ்வளவுதான். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகம் பிடிக்க அதற்கு நாலு நாள் வேண்டும். மாட்டு வண்டிகூட அதைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் அது நிற்கவில்லை. மொத்தத்தில் ஐந்து வருஷத்துக்கு மேல் தள்ளிக்கொண்டே இருந்தது. 2011-ல் வெஸ்டாவையும் 2015-ல் ஸெரஸையும் அடைந்து, பூமிக்கும் சந்திரனுக்கும் அப்பால் உள்ள இரண்டு உலகங்களை அடுத்தடுத்துச் சுற்றிவந்த முதல் கலம் என்ற பெருமையைப் பெற்று, 2018-ல் ஓய்ந்தது. இத்தனைக்கும் அது கிளம்பும்போது கொண்டுபோன ஸெனான் 425 கிலோ!

ஜப்பானியரின் 'ஹயபுஸா'வைப் பாருங்கள். 2003-ல் கிளம்பி, 2005-ல் இடோகாவா என்ற சிறு கோளை அடைந்தது. பயணத்தின் போக்கில் அதன் அயனி யந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கையை விரித்தன. கோடிக்கணக்கான மைலுக்கு இப்பால் இருந்துகொண்டு, ஒரு யந்திரத்தின் நல்ல பாதியையும் இன்னொரு யந்திரத்தின் நல்ல பாதியையும் சேர்த்து ஒரே யந்திரமாக ஓட வைத்தார்கள் அந்த எஞ்சினீயர்கள். 2010 ஜூனில் கலம் பூமிக்கு வந்து, அந்தக் கோளின் மண்துகள்களை ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் சேர்த்துவிட்டு, தான் எரிந்து போயிற்று. கதை எழுதிப் பிழைக்கிறவன் சொல்கிறேன்: இதைவிட நல்ல கதையை நான் எழுதியதில்லை. இதை விட்டுவிட்டுச் செம்புப் பாத்திரத்தைக் கொண்டாடுகிறவனுடைய ருசியை என்னவென்று சொல்வது?

இன்னொரு நஷ்டமும் உண்டு. "39 நாளில் செவ்வாய்" என்று ஒரு தலைப்பு வெகு காலமாக உலவுகிறது. ஏழு முறை விண்வெளிக்குப் போய்வந்த பிராங்கிளின் சாங் டியாஸ் என்பவர் உருவாக்கிவரும் பிளாஸ்மா யந்திரத்தைப் பற்றியது அது. யந்திரம் யோக்கியமானது, வாயுவைச் சூடேற்றிப் பின்னால் எறிகிறது. ஆனால் 39 நாளில் போக 200 மெகாவாட் மின்சாரம் வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் சூரியத் தகடுகள் தருவதைப் போல சுமார் ஆயிரம் மடங்கு. அவ்வளவு மின்சாரம் தந்து, கலத்தோடு பறக்கக்கூடிய இலேசான அணு உலை எங்கும் இல்லை. தலைப்பில் நாள் இருக்கிறது, உலை இல்லை. மாப்பிள்ளையை விட்டுவிட்டு முகூர்த்தத்தை மட்டும் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை!

மெய்யான அணுசக்தி ராக்கெட்டின் கதி என்ன ஆயிற்று தெரியுமா? 1960-களில் அமெரிக்கர்கள் நெவாடா பாலைவனத்தில் 'நெர்வா' என்ற யந்திரத்தைச் செய்து ஓட்டியே காட்டினார்கள். ஹைட்ரஜனை உலையின் சூட்டில் விரித்து எறிந்து, சாதாரண ராக்கெட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பயன் தந்தது அது. 1973-ல் பணம் இல்லை என்று மூடிவிட்டார்கள். 2023-ல் மறுபடியும் அப்படி ஒன்றை விண்ணில் ஓட்டிப் பார்ப்பதாக அறிவித்தார்கள். 2025-ல் அதையும் கைவிட்டார்கள். செலவு கேட்கிற மெய்யான யந்திரத்துக்குப் பொறுமை காட்ட யாரும் இல்லை. இலவசமாய் வருகிற பொய் யந்திரத்துக்கோ எப்போதும் ஜனக் கூட்டம்.

மனிதன் செவ்வாய்க்குப் போக மாட்டான் என்று நான் சொல்லவில்லை. போவான். ஆனால் கணக்குத் தீர்த்துவிட்டுத்தான் போவான். சந்திரனுக்குப் போன ஸாட்டர்ன் ராக்கெட் கிளம்பும்போது சுமார் 2,900 டன். கடலில் வந்து விழுந்த பெட்டியோ சுமார் ஐந்து டன். மீதியெல்லாம் வழியில் கொடுத்த விலை. நம் மங்கள்யானையும் அதன் ராக்கெட்டால் ஒரே மூச்சில் செவ்வாய்க்கு எறிய முடியவில்லை. 2013 நவம்பரில் கிளம்பி, பூமியையே பல தடவை சுற்றி, ஒவ்வொரு தடவையும் சிறிது எரித்து உயர்ந்து, 2014 செப்டம்பர் 24-ல் போய்ச் சேர்ந்தது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற எந்த அம்மாளுக்கும் இந்தச் சாமர்த்தியம் புரியும்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரே ஒரு யோசனை. அடுத்த தடவை ஓர் அதிசய யந்திரத்தைப் பற்றி யாராவது உங்களிடம் வந்து அளந்தால், கணிதம் ஒன்றும் கேட்க வேண்டாம். "அது எதைப் பின்னால் எறிகிறது?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்தால் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து மேலே கேளுங்கள். பதில் வராவிட்டால், அவரும் என்னைப் போல ஒரு கதாசிரியர்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம், அவருடைய கதை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.