ஆயிரம் ரூபாயில் விழுந்த ஓட்டை

சகோதரிகளே, வீட்டு வேலைகளோடு இப்போது புதிதாக ஒரு வேலையும் சேர்ந்திருக்கிறது. அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்ப்பது போல, செல்போனில் என்ன செய்தி வந்திருக்கிறது என்று பார்க்கும் வேலை! பால் பொங்கினால் வாசனையே கூப்பிட்டுச் சொல்லிவிடும். வங்கிக் கணக்கில் காசு குறைந்தாலோ 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம்தான். திறந்து பார்த்தால் இங்கிலீஷில் இரண்டு வரி. கடன் வேண்டுமா என்று கேட்கும் செய்திக்கும் அதே 'டிங்', லாட்டரியில் பரிசு விழுந்தது என்ற புளுகுக்கும் அதே 'டிங்'. இதில் நம் காசு போன சேதி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மகளிர் உரிமைத் தொகையை 2023 செப்டம்பர் 15-ந் தேதி நம் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கி வைத்தார்கள். ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாய். வந்த வேகத்திலேயே சிலருடைய பணத்தை, கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்ற பழைய பாக்கிக்காக வங்கிகள் பிடித்துக்கொண்டன. பல ஊர்களிலிருந்தும் புகார் கிளம்பவே, அப்படிப் பிடிக்கக் கூடாது என்று அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட வேண்டி வந்தது.

எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கும் இதே கதைதான். நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவர். "தங்கச்சி, ஆயிரம் வந்ததுன்னாங்க, பாஸ்புக்குல அறுநூத்துச் சொச்சம்தான் இருக்குது. மீதியை யாரு எடுத்தது?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பேருமாக பஸ் ஏறிப் போனோம். கவுண்டரில் இருந்த பையன், "நாங்க ஒண்ணும் பண்ணலம்மா, சிஸ்டமே பிடிச்சிக்கும்" என்றான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "அந்த சிஸ்டம்ங்கறவரு எங்க உக்காந்திருக்காரு? அவருகிட்டயே கேட்டுடலாம்" என்றார்! பையன் சிரித்துவிட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவருக்குப் பதில் சொல்ல அங்கே ஒரு மனுஷர் இல்லையே!

இயந்திரம் தானாகப் பிடிப்பதில்லை. பிடிக்கச் சொல்லி மனிதர்கள்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் எழுதியதற்கு மேலேயும் சட்டம் இருக்கிறது. அதை நாமும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டாமா?

1. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் நமக்குத் தெரிவிக்க வேண்டும். சரி செய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அதன் பிறகுதான் அபராதம். அபராதத்தாலேயே கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகவும் கூடாது. ரிசர்வ் வங்கியின் இந்த விதி 2015 ஏப்ரல் முதல் இருக்கிறது.

2. 'அடிப்படை சேமிப்புக் கணக்கு' என்று ஒன்று உண்டு. அதில் ஒரு ரூபாய் இல்லாவிட்டாலும் அபராதம் கிடையாது. மாதம் நான்கு தடவையாவது கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம். இருக்கிற கணக்கையே இப்படி மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது.

3. எந்தப் புகாரையும் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதி, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448 என்ற எண்.

4. மாதம் ஒரு முறை பாஸ்புக்கில் வரவு செலவு பதியுங்கள். ரகசிய எண்ணைக் கேட்டு எவர் போன் செய்தாலும் சொல்லாதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அபராதம் இல்லாவிட்டால் வங்கி நடக்காது என்பார் சிலர். ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் இந்த அபராதத்தை எடுத்துவிட்டது. கனரா வங்கி 2025 ஜூனிலும் இந்தியன் வங்கி ஜூலையிலும் எடுத்தன. அந்த வங்கிகளெல்லாம் நடக்காமலா போய்விட்டன?

ரேஷன் கடை சமாசாரமும் இதே மாதிரிதான். பாத்திரம் துலக்கி, துணி துவைத்து, களையெடுத்துத் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? நாலு தடவை வைத்தும் மெஷின் ஒத்துக்கொள்ளாவிட்டால் அது நம் குற்றமா? கையை நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலை வைத்துப் பாருங்கள். கார்டில் பேர் உள்ள வேறு யாராவது வந்தும் ரேகை வைக்கலாம். 'மெஷின் எடுக்கல, நாளைக்கு வா' என்று சொன்னால் மட்டும் பேசாமல் திரும்பி வராதீர்கள்.

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் சுவரில் பெரிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலத்தது. அதில் ஒரு ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரியின் கணக்கு இருக்கிறது. படுக்கை பதினைந்து, ஒரு வைத்தியர், அறுவை செய்கிறவர் ஒருவர், மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், யார் யாருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். இருப்பு வைத்திருந்த மருந்துகளின் பெயர்கூட உண்டு. ஒன்பது நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அந்தக் கணக்கு வெயிலில் எல்லோர் பார்வைக்கும் நிற்கிறது. இன்றைக்கு நம்மிடம் பிடிக்கிற காசுக்கு மட்டும் கணக்கு, நமக்குப் புரியாத பாஷையில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில்!

அக்காவின் கணக்கை அடிப்படைக் கணக்காக மாற்றிவிட்டோம். எழுதிக் கொடுத்த மூன்றாம் வாரம் பிடித்த பணத்தில் பாதி திரும்பி வந்தது. மீதிப் பாதிக்கு மறுபடியும் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்திருக்கிறோம். நீங்களும் இன்றைக்கே பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர் இருந்தால் அவருடையதையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லுங்கள்.