அசெம்பிளி என்றால் மட்டமா?

பள்ளி மாணவனிடம் கேட்டால், அசெம்பிளி என்பது காலையில் வரிசையாக நின்று பாடும் பிரேயர். அரசியல் பேசுபவருக்கு அது சென்னை கோட்டையில் கூடும் சட்டசபை. புரோகிராமருக்கோ அது ஒரு லாங்வேஜ். பிராசஸருக்கான கட்டளைகளை மூவ், ஆட் போன்ற சிறு சொற்களில் எழுதினால், அவற்றை பைனரியாக மாற்றித் தருவது அசெம்பிளர். டாட் நெட் படித்தவர், கம்பைல் செய்தபின் கிடைக்கும் இ.எக்ஸ்.இ. அல்லது டி.எல்.எல். பைலை அசெம்பிளி என்பார். தனித்தனியாக இருப்பவற்றை ஒன்று சேர்ப்பதுதான் இந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் இதே சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. அங்கே அசெம்பிளி என்றால் வேலை, சம்பளம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார், ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் செல்போன், ஒரகடத்தில் 2010 முதல் மீண்டும் கார் என்று அசெம்பிளி லைன்கள் வந்தபடி இருந்தன. ஆனாலும் "நாம் என்ன தயாரிக்கிறோம்? வெறும் அசெம்பிளிதானே!" என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் இருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் வாங்கும்போதும் இதே அலட்சியம்தான். "பிராண்டடா, அசெம்பிள்டா?" என்று கேட்கிறோம். டெல் நிறுவனம் 2007-ல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கியது. அங்கே நடந்ததும் அசெம்பிளிதான். பிராசஸர் ஒரு நிறுவனத்துடையது, ஹார்ட் டிஸ்க் வேறொன்றுடையது, விண்டோஸ் மைக்ரோசாப்டுடையது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் வாங்கி நம் வீட்டில் பொருத்தித் தருபவரும் இதையேதான் செய்கிறார். வித்தியாசம் சோதனையிலும் வாரண்டியிலும்தான் இருக்கிறது. பிராண்டட் கம்ப்யூட்டரில் எது பழுதானாலும் ஒரே நிறுவனம் பொறுப்பு. அசெம்பிள்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வாரண்டி. எனவே ஒவ்வொன்றுக்கும் பில் வாங்கி, சீரியல் நம்பரைச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அசெம்பிளி அற்பமான வேலையா? 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் சக தொழிலாளர்கள் பலர் நோய்வாய்ப்பட்டதால், ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். ஐபோன் அசெம்பிளி நின்றது. ஆலை மீண்டும் இயங்க ஜனவரி ஆயிற்று. உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதை எழுதின. அந்தக் கைகள் இல்லாவிட்டால் போனும் இல்லை என்று அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

அதற்காக அசெம்பிளியையே முழுத் தயாரிப்பு என்று எண்ணி ஏமாறவும் கூடாது. இங்கே முடிக்கப்படும் ஐபோன் பெட்டியில் 'அசெம்பிள்டு இன் இந்தியா' என்றுதான் அச்சிடுகிறார்கள். டிசைன் கலிபோர்னியாவில் நடக்கிறது. சிப் போன்ற முக்கிய பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. பொருத்தும் வேலையை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை நோக்கியா காட்டியது. வரிப் பிரச்னையால் மைக்ரோசாப்ட் இந்த ஆலையை எடுத்துக்கொள்ளவில்லை. ஆர்டர் நின்றதும் 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். லைனை நிறுத்துவது எளிது. பாகம் செய்யும் ஆலைகளும் டிசைன் செய்யும் ஆட்களும் ஓர் ஊரில் வேரூன்றிவிட்டால் அவ்வளவு எளிதில் கிளம்ப முடியாது. எலக்ட்ரானிக் பாகங்களின் உற்பத்திக்காக மத்திய அரசு 2025-ல் 22,919 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்தது இதனால்தான். அதில் நம் பகுதிக்குக் கிடைக்கும் பங்கு ஸ்க்ரூ முடுக்குவதோடு நின்றுவிடக் கூடாது.

அடுத்த முறை போனோ கம்ப்யூட்டரோ வாங்கும்போது பெட்டியைத் திருப்பி அந்த வரியைப் படியுங்கள். 'அசெம்பிள்டு' என்றிருந்தால் முகம் சுளிக்க வேண்டாம், நம் ஊர்ப் பெண்களின் உழைப்பு அதில் இருக்கலாம். 'மேட்' என்று அச்சிடும் நாள் எப்போது வரும் என்று கேட்கவும் மறக்க வேண்டாம்.