நான்கு குருகுலங்கள்

ஜாஸ் சங்கீதம் என்றால் பாடாந்தரமும் பயிற்சியும் இல்லாத வெறும் ஆர்ப்பாட்டம் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உண்டு. தோன்றியபடியெல்லாம் வாசிப்பதற்குக் குரு எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு நாம் சொல்லும் விடை, 1936-ம் வருஷத்தில் அமெரிக்காவில் சேர்ந்த பென்னி குட்மன் நால்வர் குழுவின் சரித்திரமேயாகும்.

குழுவின் தலைவரான குட்மன் 1909-ல் சிகாகோவில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தையல் தொழிலாளியான தகப்பனார், யூத ஆலயத்தில் குறைந்த செலவில் வாத்தியம் கற்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மூன்று பிள்ளைகளை அங்கே அனுப்பினார். உருவத்துக்குத் தக்கபடி வாத்தியம் கொடுத்தார்களாம்! பெரியவனுக்குப் பெரிய டூபா, அடுத்தவனுக்கு டிரம்பெட், பத்து வயதுப் பென்னிக்கு மிஞ்சியது கிளாரினெட். பின்னர் ஃப்ரான்ஸ் ஷோப் என்னும் ஆசிரியர் அவருக்கு ஐரோப்பிய சாஸ்திரீய முறையில் கற்பித்தார். ஒரு மாணவனின் பாடம் முடிந்ததும் அவனை நிறுத்திவைத்து, அடுத்து வருபவனுடன் சேர்ந்து வாசிக்கச் செய்வது ஷோப்பின் வழக்கம். நிறபேதம் பாராட்டாத அந்த ஆசிரியரிடம், பென்னியுடன் அவ்வாறு வாசித்தவர்களுள் பஸ்டர் பெய்லி என்ற கறுப்பின இளைஞரும் ஒருவர்.

பியானோ வாசித்த டெட்டி வில்சன் கல்விச் சூழலில் வளர்ந்தவர். கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்காக அலபாமா மாகாணத்தில் ஏற்பட்ட டஸ்கீகி கலாசாலையில் தகப்பனார் ஆசிரியர். தாயார் நூல்நிலையப் பொறுப்பிலிருந்தவர். வில்சன் பியானோவுடன் பிடிலும் பயின்றார். ஏர்ல் ஹைன்ஸ், ஆர்ட் டேட்டம் என்ற இரு மேதைகளின் வாசிப்பில் தோய்ந்து, அதிலிருந்து அடக்கமும் தெளிவும் வாய்ந்த தம்முடைய பாணியை உருவாக்கிக் கொண்டார்.

லயனல் ஹாம்ப்டனுக்கு முதலில் டிரம் கற்பித்தவர் ஒரு கன்னியாஸ்திரீ. பிறகு, ‘சிகாகோ டிஃபெண்டர்’ என்னும் கறுப்பின மக்களின் பத்திரிகை, அதை விற்கும் சிறுவர்களுக்காக நடத்திய வாத்தியக் குழுவில் பழகினார். 1930-ல் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டுப் பதிவின்போது, உலோகப் பட்டைகளைக் கோல்களால் தட்டி வாசிக்கும் வைப்ரபோன் அங்கே கிடந்தது. ஆம்ஸ்ட்ராங் சொல்ல, ஹாம்ப்டன் அதைக் கையில் எடுத்தார். அன்று முதல் அந்த வாத்தியத்துக்கே ஒரு கௌரவம் பிறந்தது.

நான்காமவரான ஜீன் குரூபா போலிஷ் வம்சத்தினர். அவரைப் பாதிரியாராக்க வேண்டும் என்பது அன்னையின் ஆசை. பிள்ளையோ நியூ ஆர்லியன்ஸிலிருந்து சிகாகோவுக்கு வந்திருந்த பேபி டாட்ஸ், ஸட்டி ஸிங்கிள்டன் என்ற கறுப்பின வித்வான்களின் டிரம் வாசிப்பைக் கேட்டுக் கேட்டு லயத்தையே வேதமாகக் கொண்டுவிட்டார்!

இந்த நால்வரும் 1936 ஆகஸ்டில் பதிவு செய்த ‘மூன்க்ளோ’ இசைத்தட்டைக் கேட்டால் அவரவர் பாடாந்தரத்தின் பயன் விளங்கும். குழுவில் கீழ்ஸ்தாயிக்கு ‘பாஸ்’ வாத்தியம் கிடையாது. வில்சனின் இடது கையே அந்தக் குறையைத் தீர்க்கிறது. ஒருவர் மனோதர்மத்தைக் காட்டும்போது மற்றவர் ஒதுங்கி இடம் விடுகிறார். நால்வருள் எவரும் பிறருடைய வாசிப்பை மூழ்கடிப்பதில்லை.

வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிப்பதை அந்நாட்டின் பெரிய ஹோட்டல்களும் மண்டபங்களும் அநேகமாக அனுமதியாத காலம் அது. தென் மாகாணங்களில் நிறபேதம் சட்டமாகவே இருந்தது. அப்படியிருந்தும், 1936-ல் ஈஸ்டர் ஞாயிறன்று சிகாகோ காங்கிரஸ் ஹோட்டலில் வில்சன், குட்மனுடன் பகிரங்கமாக வாசித்தார். சில மாதங்களில் ஹாம்ப்டனும் சேர்ந்தார். 1938 ஜனவரியில் நியூயார்க் கார்னகி மண்டபத்திலும் நால்வரின் இசை ஒலித்தது. பேஸ்பால் பெருங்குழுக்கள் ஜாக்கி ராபின்ஸனுக்குக் கதவைத் திறந்ததோ 1947-ல்தான்.

சட்டசபைகள் செய்யத் தயங்கியதை நான்கு வாத்தியக்காரர்கள் எப்படிச் செய்தார்கள்? பிறர் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்பதும் பாடத்தில் ஒரு பாகம் என்று அவர்கள் இளமையிலேயே அறிந்திருந்தார்கள். அடுத்த மாணவன் வரும் வரையில் முந்தியவனை வீட்டுக்கு அனுப்பாத ஷோப்பைப் போன்ற ஆசிரியர்கள் எந்தத் தேசத்துக்கும் பெரும் பாக்கியம் என்போம்.