அவள் மீது ஏன் பழி?

கரு கலைந்தது என்ற செய்தி வீட்டில் பரவியதும் எழும் முதல் கேள்வி, ‘அவள் என்ன செய்தாள்?’ என்பதே. மாடிப்படி ஏறினாள், குடம் தூக்கினாள், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று குற்றச்சாட்டுகள் அடுக்கப்படுகின்றன. கண்ணீரோடு படுத்திருக்கும் பெண்ணின் மீது நடத்தப்படும் இவ்விசாரணையை அநீதி என்கிறோம். இரக்கத்தால் மட்டும் அன்று. ஆராய்ச்சி கண்ட உண்மையின் துணைகொண்டே சொல்கிறோம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நஞ்சுக்கொடியைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் கிரஹாம் பர்ட்டன். கருவுற்ற தொடக்கத்திலேயே தாயின் இரத்தம் நஞ்சுக்கொடிக்குள் பாய்கிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. உண்மை அதுவன்று. முதல் பத்து வாரங்கள் அளவும் கருவிலிருந்து தோன்றிய உயிரணுக்கள் தாயின் இரத்தக் குழாய்களின் வாயை அடைத்து நிற்கின்றன. அதுகாறும் கருப்பைச் சுரப்பிகள் சுரக்கும் நீரே கருவை ஊட்டி வளர்க்கிறது என்பதை, பர்ட்டனும் எரிக் ஜோனியோ முதலிய அறிஞர்களும் 2002ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினர். பன்னிரண்டாம் வாரத்தை நெருங்குகையில் அடைப்பு விலகுகிறது; இரத்தம் பாய்கிறது; உயிர்வளி பெருகுகிறது. அடைப்புச் சரிவர அமையாமல் இரத்தம் காலத்துக்கு முந்திப் புகுந்துவிட்டால், இளம் நஞ்சுக்கொடி அதனைத் தாங்குவதில்லை. கருச்சிதைவுகள் பலவற்றில் இந்நிலையே காணப்பட்டது.

அந்த அடைப்பை அமைப்பது யார்? தாயா? அல்லள். நஞ்சுக்கொடி கருவிலிருந்தே முளைப்பது. அதன் மரபுக்கூறுகளில் பாதி தந்தையுடையது. தொடக்க மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதியில் குரோமோசோம் பிழை இருப்பதையும் மருத்துவம் அறிந்துள்ளது. படி ஏறியதால் வரும் பிழையா அது?

தாயின் உடல்நலம் பொருட்டன்று என நாம் வாதிடவில்லை. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் கவனிக்கப்பட வேண்டியவையே. ஆயினும் கவனித்தல் வேறு. குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் வேறு. கரு மீண்டும் மீண்டும் கலையுமாயின் மனைவியை மட்டுமன்றிக் கணவனையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மகனுக்குப் பரிசோதனையா என்று முகம் சுளிக்கும் பெற்றோர், மருமகளை மட்டும் மலடி என்று தூற்ற எந்த நியாயத்தைக் காட்டுவர்?

குழந்தையைக் காத்து வளர்க்கும் உறுப்புக்கு ‘நஞ்சு’ என்று பெயரிட்டிருக்கிறோம். அப்பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். நஞ்சு நம் நாவில் இருத்தல் வேண்டாம். இழந்தவளுக்கு வேண்டுவது ஓய்வும் உணவும் ஆறுதலுமே. அவற்றைத் தர இயலாதவர்கள் மௌனமாக இருப்பதே நன்று.