அயல்வீட்டுப் பிள்ளை

மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகிலுள்ள திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர். சங்கப் புலவர் கபிலரும் இவ்வூரினரே என்பது மரபு. நண்பன் பாரி மாய்ந்தபின், அவன் மகளிரைத் தம் பொறுப்பில் ஏற்று, அவர்தம் நல்வாழ்வுக்காக மன்னர் வாயில்களை நாடியவர் கபிலர். பெற்றோர் காக்க இயலாத பிள்ளைகளைப் பிறர் காத்தல் வேண்டும் என்னும் அறத்திற்கு அவர் வாழ்வே சான்று.

உணவு, கல்வி, மருத்துவம், கண்காணிப்பு ஆகியவை ஒரு குழந்தைக்குத் தொடர்ந்து கிடைக்காத நிலையே புறக்கணிப்பு ஆகும். அதன் வேர் எப்போதும் அன்பின்மை அன்று. காய்ச்சலில் கிடக்கும் மகனை விட்டுவிட்டு விடியுமுன் களையெடுக்கச் செல்லும் தாய், அன்றைய கூலியை இழந்தால் இரவில் உலை கொதிக்காது. கடனும், தந்தையின் குடியும், பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் செல்லுதலும் இந்நிலையை வளர்க்கின்றன. வசதி மிக்க இல்லங்களிலும் புறக்கணிப்பு உண்டு. ஆயின், உயர்ந்த மதிற்சுவர்கள் அதனை மறைத்துவிடுகின்றன. ஏழையின் குடிசைக்கு அத்தகைய மறைப்பு இல்லை. ஆகவே, வறுமையையே குற்றமாகக் கருதிவிடலாகாது.

இதனை அறிந்தே சட்டமும் வகுக்கப்பட்டுள்ளது. குழந்தையைத் தம் பொறுப்பில் கொண்டோர் வேண்டுமென்றே புறக்கணித்தலை, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் குற்றம் என்கிறது. பெற்றோர் தம் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட சூழலால் குழந்தையைக் கைவிட நேரின், அச்சட்டப்பிரிவின் தண்டனை அவர்களுக்குப் பொருந்தாது. குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுதலையும் அச்சட்டம் தடுக்கிறது.

எனினும், கண்டோர் பலர் வாய் திறப்பதில்லை. 'பிறர் வீட்டுச் செய்தி நமக்கெதற்கு' என்னும் எண்ணம், உறவு முறியுமோ என்னும் தயக்கம், காவல் நிலையம் பற்றிய அச்சம் ஆகியவையே காரணங்கள். தெரிவித்தபின் தண்டனை மட்டுமே வரும் என்று மக்கள் நம்பும்வரை இம்மௌனம் நீங்காது. உதவி முதலில் வருதல் வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பெற்ற முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், எந்தப் பெற்றோரையும் பழிக்காமல் பிள்ளைகளின் பசியாற்றுகிறது. குழந்தைகள் நலக்குழுவின் பணியும் அத்தகைய பரிவோடு அமைதல் வேண்டும்.

1098 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் இரவும் பகலும் இயங்குகிறது. அதனை அழைப்பது அயலாரைக் காட்டிக்கொடுத்தல் ஆகாது. துன்புறும் குடும்பத்திற்குத் துணை தேடித் தருதலே ஆகும். நாள்தோறும் வகுப்பில் வெற்றிடமாகும் இருக்கையை ஆசிரியருக்கு முன்னரே உடன்பயிலும் மாணவர் அறிவர். அவர் தம் ஆசிரியரிடம் கூறும் ஒரு சொல், ஒரு குழந்தையின் வாழ்வைக் காக்கக்கூடும்.