ஈஸ்டர் கிழவிகளும் தேவாலய வாசல் சிறுவர்களும்

ஸ்வீடன் நாட்டில் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று குழந்தைகள் சூனியக்காரிகளாக வேடம் தரிக்கிறார்கள். தலையைச் சுற்றிக் கட்டிய துணி, நீண்ட பாவாடை, பழைய ஏப்ரன், சிவப்புச் சாயம் அப்பிய கன்னங்கள், மூக்கின்மேல் மையால் இட்ட புள்ளிகள், கையில் ஒரு விளக்குமாறு, கூடவே ஒரு செம்புக் காப்பிக் கெண்டி. 'போஸ்க்ஷெரிங்' என்று இந்த வேடத்துக்குப் பெயர். ஈஸ்டர் கிழவி என்று தமிழில் சொல்லலாம். பாலர் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புகளிலும் விடுமுறைக்கு முன்னர் இந்தக் கோலத்தில் பிள்ளைகள் வந்து அமர்வதுண்டு. பிறகு வீடு வீடாகச் சென்று தாம் வரைந்த வாழ்த்துப் படங்களைக் கொடுத்து மிட்டாய் பெற்றுக்கொள்வார்கள். காண்பதற்கு இனிமையான வழக்கம்தான்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை இரண்டு. சாத்தானோடு தொடர்புடைய ஒன்றைப் பள்ளிக்குள் விளையாட்டாகக் கொண்டுவரலாமா என்பது பக்தர்களின் கேள்வி. முன்னூறு பேர் அளவில் கொல்லப்பட்ட ஒரு கொடுமையை மிட்டாய்க்கான வேடமாக்கலாமா என்பது வரலாறு படித்தவர்களின் கேள்வி. முதலாவதை நாம் பொருட்படுத்தவில்லை. இரண்டாவதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் வேடத்தை நிறுத்துவது அதற்கு விடையாகாது என்றே எமக்குத் தோன்றுகிறது. வேடம் இருக்கட்டும். அந்த வேடத்தின் பின்னால் நிற்கும் கதையை அதே வகுப்பறையில் சொல்லாமல் விடுவதுதான் எமக்கு உறுத்துகிறது. ஏனென்றால் அது கிழவிகளின் கதை மட்டுமன்று. அதில் குழந்தைகளுக்கு மிக முக்கியமான பாத்திரம் உண்டு.

1667-இல் டாலர்னா மாகாணத்தின் எல்வ்டாலென் பகுதியில் ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன், யெர்ட்ருட் ஸ்வென்ஸ்டோட்டர் என்னும் சிறுமி தன் ஆடுகளோடு ஆற்றுநீரின் மேல் நடந்து போனதைக் கண்டதாகச் சொன்னான். ஊர்ப் போதகர் லார்ஸ் எல்வியஸ் அவளை விசாரித்தார். பன்னிரண்டு வயதான அவள், தன்னை ஒருத்தி ப்ளோகுல்லாவுக்கு அழைத்துச் சென்றதாக ஒப்புக்கொண்டாள். ப்ளோகுல்லா என்பது சூனியக்காரிகள் பறந்து சென்று சாத்தானோடு விருந்துண்ணும் இடம் என்று மக்கள் நம்பிய கற்பனை நிலம். 1668-இல் வழக்கு தொடங்கியது. அங்கிருந்து அடுத்த எட்டு ஆண்டுகள் ஸ்வீடனின் பல மாகாணங்களில் குழந்தைகள் 'நானும் போனேன்' என்றார்கள். யார் அழைத்துப் போனது என்று பெரியவர்கள் கேட்டார்கள்.

அந்த வாக்குமூலங்கள் இலக்கிய வாசகர்களின் கவனத்துக்குரியவை. மூரா என்ற ஊரின் பிள்ளைகள் சாத்தானின் விருந்தில் தமக்குக் கிடைத்ததாகச் சொன்னவை: கீரையும் பன்றிக்கொழுப்பும் இட்ட சாறு, ஓட்ஸ் கஞ்சி, வெண்ணெய் தடவிய ரொட்டி, பால், பாலாடைக்கட்டி. நரகத்தின் அரசன் தன் மாளிகையில் பரிமாறுவதற்கு இதைவிட மேலான ஒன்றை ஏழைக் குழந்தைகளால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. அந்தப் பட்டியலை ஒரு முறை நிதானமாகப் படித்தவர்களுக்கு, பேசுவது சாத்தானின் அடிமையா, பசித்த பிள்ளையா என்பதில் ஐயம் எழாது. விசாரித்தவர்களுக்கு எழவில்லை.

இன்னொன்றையும் செய்தார்கள். இரவில் சூனியக்காரிகள் வந்து தூக்கிச் செல்லாதிருக்க, ஊர்ப் பிள்ளைகளை ஒரே வீட்டில் கூட்டி, தூங்கவிடாமல் காவல் இருந்தார்கள். காவல் வீடுகள் என்றே அவற்றுக்குப் பெயர். ஒரு பிள்ளை சொல்ல, மற்றவை கேட்டன. கேட்டவை தம் பங்குக்கு ஒரு வரி சேர்த்தன. எந்த வரிக்குப் பெரியவர்களின் முகம் மாறுகிறது என்பதையும் அவை கவனித்திருக்கும். தூக்கமின்மையும் அச்சமும் பாடமாக நடந்த ஒரு பள்ளிக்கூடம் என்று அதைச் சொன்னால் மிகையாகாது.

1675-இல் ஓங்கர்மான்லாண்ட் பகுதியின் டோர்சோக்கரில் நடந்தது இதன் உச்சம். போதகர் லவ்ரென்சியஸ் ஹோர்னேயஸ் இரண்டு சிறுவர்களைத் தேவாலய வாசலில் நிறுத்தினார். சூனியக்காரிகளின் நெற்றியில் இருக்கும், மற்றவர் கண்ணுக்குப் புலப்படாத அடையாளம் அவர்களுக்குத் தெரியுமாம். உள்ளே நுழைவோரில் யாருக்கு அது இருக்கிறதென்று அவர்கள் சுட்டவேண்டும். ஒரு நாள் அவர்களில் ஒருவன் போதகரின் சொந்த மனைவி பிரிட்டா ரூஃபினாவையே சுட்டிவிட்டான். அவர் அவனைப் பளாரென்று அறைந்தார். பையன் உடனே மன்னிப்புக் கேட்டு, சூரியன் கண்ணைக் கூசச் செய்துவிட்டது என்றான். மற்றவர்களைச் சுட்டியபோதும் அதே சூரியன்தான் இருந்தது என்பதை அங்கே யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த வட்டாரத்தில் 71 பேர் தலை வெட்டப்பட்டு எரிக்கப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

சாட்சி சொல்ல மறுத்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்? போதகர் அவர்களைச் சவுக்கால் அடித்ததும், பனி உறைந்த ஏரியின் குளிர்நீரில் முக்கியதும், ரொட்டி சுடும் அடுப்புக்குள் வைத்துத் தீமூட்டப் போவதாக மிரட்டியதும் எழுதப்பட்டிருக்கின்றன. கிரிம் சகோதரர்களின் ஹான்சல் கிரெட்டல் கதையில் பிள்ளைகளை அடுப்பில் தள்ளப் பார்ப்பவள் சூனியக்காரி. டோர்சோக்கரில் அந்த வேலையைச் செய்தவர், சூனியக்காரிகளைப் பிடிக்க வந்தவர். இவற்றை எழுதி வைத்தவர் அந்தப் போதகரின் பேரன் என்பதையும் சொல்லவேண்டும். அறைந்த அந்தப் பாட்டியின் வாய்மொழியிலிருந்து கேட்டதை 1735 வாக்கில் அவர் பதிவு செய்தார். குடும்பத்தின் மானத்தைக் கருதி மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை.

முடிவு ஸ்டாக்ஹோமில் வந்தது. யேவ்லே நகரத்திலிருந்து வந்த பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் அங்கே பெயர்பெற்ற சாட்சியாக இருந்தான். தன் தாயையே அவன் குற்றம் சாட்டியிருந்தான், அவள் கொல்லப்பட்டிருந்தாள். 1676 ஆகஸ்டில் மாலின் மாட்ஸ்டோட்டர் என்ற பெண், கடைசிவரை குற்றத்தை ஒப்புக்கொள்ளாததால் உயிரோடு எரிக்கப்பட்டாள். அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்கள் அவள் பெற்ற மகள்கள். அடுத்த மாதம், மருத்துவர் உர்பான் யேர்னே போன்ற ஐயவாதிகள் இடம்பெற்றிருந்த விசாரணைக்குழு குழந்தைகளை வேறுவிதமாகக் கேட்கத் தொடங்கியது. ஒவ்வொருவராக, எல்லாம் பொய் என்றார்கள். பொய்ச்சாட்சி சொன்னதற்காகச் சிலருக்கு மரண தண்டனை கிடைத்தது. அந்தப் பதின்மூன்று வயதுப் பையனும் அதில் அடக்கம். அவன் சொன்னதை நம்பி மற்றவர்களைக் கொன்ற அரசு, நம்பியதற்காக அவனையும் கொன்றது. நீதிமன்றத்தில் கேள்வி கேட்டவர்களில் எவரும் கொலைமேடை ஏறவில்லை.

இன்றைய ஈஸ்டர் வேடத்தைப் பாருங்கள். தலைத்துணியும் ஏப்ரனும் காப்பிக் கெண்டியும் ஓர் ஏழைக் கிராமத்துப் பாட்டிக்கு உரியவை. அதாவது பிள்ளைகள் குற்றம் சாட்டப்பட்டவளின் உடையை அணிந்துகொள்கிறார்கள். வரலாற்றில் அவர்கள் வயதுப் பிள்ளைகளுக்கு வாய்த்த வேடம் வேறு. அது வாசலில் நின்று சுட்டிய விரல். மிட்டாய்க்கூடையில் அந்த விரலுக்கு இடமில்லை.

பள்ளி மேடைக்கு வந்த சூனியக்காரிகளில் நம் வாசகர்கள் நன்கறிந்தது ஆர்தர் மில்லரின் 'தி க்ரூசிபிள்'. 1953-இல் மேடையேறிய இந்த நாடகம் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பாடமாகவும் மாணவர் நாடகமாகவும் நிலைத்துவிட்டது. 1692-இன் சேலம் வழக்கில் அபிகெய்ல் வில்லியம்ஸ் பதினொன்று, பன்னிரண்டு வயதுச் சிறுமி. மில்லர் அவளைப் பதினேழு வயதாக்கினார். அறுபது வயதான ஜான் ப்ராக்டரை முப்பதுகளுக்கு இறக்கினார். இருவருக்குமிடையே ஒரு கள்ள உறவைப் புனைந்தார். நாடகத்துக்கு அது வலு சேர்த்தது, மறுப்பதற்கில்லை. மெக்கார்த்தி காலத்து அரசியலைப் பேச வந்தவருக்கு அந்த உரிமையும் உண்டு. ஆயினும் அபிகெய்லுக்குக் காமமும் பழிவாங்கலும் காரணமாகக் கிடைத்தவுடன் பார்வையாளர் நிம்மதியடைந்துவிடுகிறார். பொய்க்கு ஒரு வில்லி அகப்பட்டுவிட்டாள். உண்மையான சேலத்தில் ஒன்பது வயது பெட்டி பாரிஸுக்கு எந்தப் பழியும் தீர்க்க வேண்டியிருந்திருக்காது. எல்வ்டாலெனின் யெர்ட்ருட்டுக்கும் அப்படியே. ஒரு குழந்தை ஏதோ சொன்னது, அதற்கு அடுத்த கேள்வியைப் பெரியவர்கள் கேட்டார்கள் என்ற எளிய உண்மையை நாடகம் தவறவிட்டது என்பது எம் கருத்து.

இவை பழங்கதைகள் என்று ஒதுக்கவும் வழியில்லை. காங்கோவின் கின்ஷாசாவில் 1990-களிலிருந்து, குழந்தைகளையே சூனியம் செய்பவர்கள் என்று சொல்லி வீதிக்குத் துரத்துவது பரவியது. நைஜீரியாவின் அக்வா ஐபோம் மாநிலம் ஒரு குழந்தையை அப்படி அழைப்பதையே 2008-இல் சட்டப்படி குற்றமாக்கவேண்டி வந்தது. நம் நாட்டில் 1999-இல் பீகாரும் 2001-இல் ஜார்க்கண்டும் பெண்களைச் சூனியக்காரிகள் என முத்திரை குத்துவதற்கு எதிராகச் சட்டம் இயற்றின. விளக்குமாற்றோடு பள்ளிக்கு வருவது விளையாட்டாக இருப்பது சில நாடுகளுக்குக் கிடைத்த பேறு.

அந்தப் பேற்றைக் குழந்தைகளிடமிருந்து பறிக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சிதையைப் பற்றிச் சொல்லவும் தேவையில்லை. பத்து வயதில் ஆசிரியர் தேவாலய வாசல் சிறுவனிலிருந்து தொடங்கலாம். அந்த அறையும் சூரியன் மீது போட்ட பழியும் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும், சிரிப்பார்கள். சிரித்து முடித்த பின், அதற்கு முன் அவன் யாரையெல்லாம் சுட்டியிருந்தான் என்று வகுப்பில் ஒரு பிள்ளையாவது கேட்கும். டோர்சோக்கர் அருகே அந்த மலையில் 1975-இல் நிறுவிய நினைவுக்கல் இருக்கிறது. அந்தப் பிள்ளையை அங்கே கூட்டிச் செல்லலாம்.